அரைமண்டியும் அடைத்த கதவுகளும்

அவிநாசியில் பனியன் கம்பெனி வேலை முடித்து வரும் தாய்மார், பிள்ளையைப் பரத வகுப்பில் விட்டுக் காத்திருப்பதுண்டு. நம் வீட்டுப் பெண்ணும் ஆடக் கற்க விரும்பினால்? அஞ்சுவோர், கேரளத்து மலப்புரத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பரதம் பயின்ற வி. பி. மன்சியாவின் வாழ்வை நோக்கலாம்.

2022 இல் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயில் விழாவில் ஆட இருந்த அவரை, இந்து அல்லர் எனக் கூறி நிகழ்ச்சியிலிருந்து நீக்கினர். அதைக் கண்டிப்பது நமக்கு எளிது. ஆயின், அதற்குப் பல்லாண்டு முன்பே, மகள் ஆடுவதைக் காரணங்காட்டி அக்குடும்பத்தை ஊர் ஜமாஅத் ஒதுக்கியது. தாயின் மையித்தை அடக்கவும் இடம் மறுத்தது. இதனை நம்முள் எத்தனை பேர் பேசினோம்? கல்யாண வீட்டு ஒப்பனையில் பெண்கள் கைகொட்டி ஆடுவது அதே மலப்புரத்து வழக்கமன்றோ!

அடைத்த கதவுகளைப் பற்றி எழுதுவோர், கலை அச்சிறுமிக்குள் செய்த வேலையை எழுதுவதில்லை. அரைமண்டியில் நின்று ஒரே தட்டடவை மூன்று காலங்களிலும் மாதக்கணக்கில் தட்டுபவள், உடனடிப் பலனை எதிர்பாராமல் உழைக்கப் பழகுகிறாள். அபிநயத்திலோ, தான் பிறவாத வீட்டின் தாயாக நின்று அவள் துயரைத் தன் முகத்தில் ஏற்கிறாள். (அரங்கேற்றத்தின் பட்டையும் பந்தியையுமே கலையெனக் கொள்வோர்க்கு இது வாய்ப்பதில்லை.)

மன்சியா நீக்கப்பட்டபோது, அவ்விழாவில் ஆட இருந்த இந்துக் கலைஞர் சிலர், தாமும் ஆடோம் என்று விலகிக்கொண்டனர்.