மூன்று வேடத்துப் பெண்

திண்டிவனத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நிற்கும் கொல்லைகளுக்குக் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சி தேடி வரும். அதன் புழுவுக்கு அந்த இலைகள்தான் சோறு. ஆணுக்குக் கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டு வரிசை. பெண்ணுக்கோ நம் பக்கத்தில் மூன்று வேடங்கள். ஒன்று ஆணின் சாயல். மற்ற இரண்டும் நஞ்சுள்ள ரோஸ் இனங்களின் சாயல்.

செஞ்சிப் பக்கத்துப் புதர்களில் ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் கிரிம்ஸன் ரோஸை உரித்து வைத்தாற்போன்ற பெண்ணை, 1775இல் பூச்சியியலாளர் கிராமர் தனி இனமென்று கருதி ரோமுலஸ் எனப் பெயரிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு, உயிரற்ற மாதிரிகளை வைத்து எழுதியவர் அவர். 1865இல் இயற்கையியலாளர் வாலஸ் இந்தப் பெண்களை ஒரே இனத்துக்குள் கொண்டுவந்தார். ஆப்பிரிக்கக் காடுகளின் பாப்பிலியோ டார்டனஸுக்கும் இதே கதைதான். வெவ்வேறு இனங்களாக எழுதப்பட்டிருந்த அதன் பெண்களைப் பூச்சியியலாளர் டிரைமன் ஒன்றுசேர்த்தார்.

புது இனத்துக்குப் பெயர் சூட்டுவதைவிட, பிரிந்து கிடந்ததை இப்படிச் சேர்க்கும் வேலையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. எத்தனை பொறுமை வேண்டும் அதற்கு! வேடத்தைக் கண்டுபிடிக்க உடலைப் பார்க்க வேண்டும்: கிரிம்ஸன் ரோஸின் தலையும் வயிறும் சிவப்பு. மார்மன் பெண்ணுக்கு உடல் கறுப்பு. முட்டையிலிருந்து வளர்த்தால் இன்னும் தெளிவு: ஒரே தாயின் பிள்ளைகளில் வெவ்வேறு வேடத்துப் பெண்கள் வெளிவரக்கூடும்.