பெரிய பாட், சின்ன டிரா: ஒரு நல்ல அறிவுரையின் எல்லை

எட் மில்லர், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்முத் மூணு பேரும் சேர்ந்து எழுதின 'ஸ்மால் ஸ்டேக்ஸ் ஹோல்டெம்' 2004ல வந்தது. லிமிட் ஹோல்டெம் கத்துக்கிட்ட பலருக்கு அதுதான் பாடப்புத்தகம். அதோட முக்கியமான வாதம் இது: பாட் பெருசா இருக்கும்போது தேவையில்லாம ஒரு பெட் கொடுத்துத் தொடர்றது சின்னத் தப்பு, ஜெயிக்க வாய்ப்புள்ள கையை ஃபோல்ட் பண்றது பெரிய தப்பு. வாதம் சரிதான். ஆனா பலவீனமான டிராக்கள்ல அது எவ்வளவு தூரம் தாங்கும்?

லிமிட் ஆட்டத்துல பெட் அளவு நிலையானது. ஃப்ளாப் வரைக்கும் ஒரு சின்ன பெட், டர்ன்லயும் ரிவர்லயும் அதுல ரெண்டு மடங்கு. பெரிய தொகையைத் தள்ளி உங்களைத் துரத்த யாராலும் முடியாது. டிராவைத் துரத்தற ஆசை இந்த ஆட்டத்துல அதிகமா வர்றதுக்கு இதுதான் காரணம்.

உங்க கையில இஸ்பேட் 8, 7. ஃப்ளாப்ல ராஜா, 5, 4, மூணும் வேற வேற சூட். 6 வந்தா ஸ்ட்ரெய்ட். பார்க்காத 47 சீட்டுல நாலு 6 இருக்கு. அதாவது 43க்கு 4, கிட்டத்தட்ட 10.75க்கு 1.

முதல் மேசை: ரெய்ஸ் இல்லாம ஆறு பேர் உள்ள வந்தாங்க. பாட்ல 6 சின்ன பெட். ஒருத்தர் பெட் வைக்கறார், மத்தவங்க ஃபோல்ட், கடைசியா உங்க முறை. 7க்கு 1தான் கிடைக்குது. டர்ன்ல 6 வந்து, அவர் டர்ன், ரிவர் ரெண்டுலயும் பணம் கொடுத்தா இன்னும் 4 சின்ன பெட் சேரும். வரலைன்னா டர்ன்லயே விட்டுடறீங்க. மொத்தம் 11க்கு 1. சராசரி லாபம் ஒரு பெட்ல 47ல 1 பங்கு. பூஜ்யம்னே வெச்சுக்கலாம்.

இப்போ ஒரே ஒரு மாற்றம். ராஜாவும் 5ம் ஆட்டின். ஆட்டின் 6 வந்தா உங்களுக்கு ஸ்ட்ரெய்ட்தான், ஆனா எதிராளி ஃப்ளஷ் டிராவுல இருந்தா அவருக்கு ஃப்ளஷ். அந்தச் சீட்டைக் கழிச்சா மூணு அவுட்ஸ், 14.67க்கு 1. அதே கால் இப்போ ஒவ்வொரு தடவையும் சராசரியா 0.23 பெட் நஷ்டம். நாலு தடவை பண்ணினா கிட்டத்தட்ட ஒரு பெட் போச்சு. மேசையில இது கண்ணுக்கே தெரியாது, ஏன்னா எப்பவாவது 6 வந்து பெரிய பாட் கைக்கு வரும், அதுதான் ஞாபகத்துல நிக்கும்.

ரெண்டாவது மேசை: அதே ஆறு பேர், ஆனா ஃப்ளாப்புக்கு முன்னாடியே ஒரு ரெய்ஸ். பாட்ல 12, ஒரு பெட் வந்ததும் 13. நாலு அவுட்ஸ் இருந்தா காலுக்கு சராசரி லாபம் 0.53 பெட். மூணே அவுட்ஸ்னாலும் 0.15 லாபம். இங்க "இது வெறும் கட்ஷாட்தானே"ன்னு ஃபோல்ட் பண்றவர் அரை பெட்டைத் தூக்கிப் போடறார். புத்தகம் சொல்றது இந்த இடத்துல அப்படியே பொருந்துது.

என் விமர்சனம் இதுதான். அவுட்ஸைக் கழிச்சு எண்ணவும் புத்தகம் சொல்லித்தருது. ஆனா படிச்சவங்க மனசுல தங்கறது "பெரிய பாட்ல விடாதே"ங்கற ஒரு வரி. அந்த வரி, ஆறேழு பேர் தாராளமா உள்ள வர்ற மேசையை முன்னாடி வெச்சு எழுதினது. நாலு பேர் மட்டும் கவனமா ஆடற மேசையில பாட் 'பெருசா' ஆகறதே அபூர்வம். 7 பெட் பெருசா சின்னதான்னு கேட்டா பதில் கிடையாது. உங்க டிராவோட விலைக்குப் பக்கத்துல வெச்சாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

மேலே போட்ட கணக்குமே கொஞ்சம் தாராளமானது. 6 வந்தா கட்டாயம் ஜெயிப்போம்னு எடுத்துக்கிட்டேன். ரிவர்ல யாருக்காவது ஃபுல் ஹவுஸ் அமையலாம். உங்களுக்குப் பின்னாடி ஆள் பாக்கி இருந்து அவர் ரெய்ஸ் பண்ணினா, ஒரு பெட் விலை ரெண்டாயிடும். கையில 9, 8 வெச்சுக்கிட்டு ராணி, ஜாக்கி, 3 ஃப்ளாப்ல 10க்குக் காத்திருந்தா இன்னும் மோசம். 10 வந்ததும் ஏஸ்-ராஜா வெச்சவரும் ராஜா-9 வெச்சவரும் உங்களைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட்ல இருப்பாங்க. அப்போ நஷ்டம் ஃப்ளாப்ல போட்ட ஒரு பெட்டோட நிக்காது, டர்ன், ரிவர் வரைக்கும் நீளும்.

"இதையெல்லாம்தான் கணினி தீர்த்துடுச்சே"ன்னு சிலர் கேக்கலாம். 2015 ஜனவரியில ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு சயன்ஸ் இதழ்ல வெளியிட்ட செஃபியஸ் தீர்த்தது ரெண்டு பேர் மட்டும் ஆடற லிமிட் ஹோல்டெம். ஆறு பேர் உள்ள வர்ற பாட்ல கட்ஷாட்டை என்ன பண்றதுன்னு அது பதில் சொல்லாது.

அதனால புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் தனியா எடுத்துட்டுப் போகாம, பாட்ல இருக்கற பெட்களை எண்ணுங்க, கறை படிஞ்ச அவுட்ஸைக் கழிங்க, பின்னாடி யார் பாக்கின்னு பாருங்க. அப்புறம் கால் பண்ணலாமா வேண்டாமான்னு முடிவெடுங்க.