தொலைக்காட்சிச் செய்தியும் நடுவுநிலைமையும்

வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தூதுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். முன்னது வழக்குத் தீர்ப்போனுக்கும் வணிகனுக்கும் வேண்டிய பண்பு. பின்னது ஓரிடத்துச் செய்தியை வேறோரிடத்துக்கு அஞ்சாது கொண்டு செல்வோனுக்கு வேண்டிய பண்பு. இக்காலத்தே தொலைக்காட்சிச் செய்தியறை இவ்விருவர் தொழிலையும் ஒருங்கே செய்கின்றது. நாட்டில் நிகழ்வனவற்றை நம் வீட்டுக்குக் கொணர்வதால் அது தூது. எது முதற்கண் வரத்தக்கது, எது ஒதுக்கத்தக்கது எனத் தீர்மானிப்பதால் அது நீதிமன்று. ஆகவே இருவரிடமும் எதிர்பார்த்த பண்புகளை அதனிடத்தும் எதிர்பார்த்தல் முறையே. இலங்கைத் தொலைக்காட்சிச் செய்தி அவ்வெதிர்பார்ப்பை எவ்வளவிற்கு நிறைவேற்றியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாட்டிலே தொலைக்காட்சி தோன்றிய வரலாறே நமக்கு ஒரு பாடம். 1979ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி தனியார் முயற்சியாகச் சுயாதீனத் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்னரே, ஜூன் 5ஆந் திகதி, அரசாங்கம் அதனைத் தன் வசப்படுத்திற்று. சுயாதீனம் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதனை நிறுவிய 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம், செய்தி திருத்தமாகவும் பக்கஞ் சாராமலும் இருத்தல் வேண்டுமெனக் கூட்டுத்தாபனத்தின் மீது கடமை சுமத்தியது. சட்டத்தின் சொல் நல்ல சொல்லே. அதைக் காப்பவர் யார் என்பதே கேள்வி. கூட்டுத்தாபனத்தை நடத்துவோரை அமைச்சர் நியமிக்க, அவரைப் பற்றிய செய்தியைக் கூட்டுத்தாபனம் பக்கஞ் சாராது கூற வேண்டுமெனின், அது குத்தகைக்காரனிடம் நிலச் சொந்தக்காரனின் குறையைக் கூறும்படி கேட்பது போன்றதாகும்.

ஆட்சி ஆட்டங்காணும் வேளைகளில் இவ்வுண்மை வெளிப்பட்டுவிடும். 2003ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே பிணக்கு முற்றியபோது, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க தம் வசம் எடுத்துக்கொண்ட அமைச்சுகள் மூன்று: பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசனத் தொடர்பு. படைக்கும் பொலீசுக்கும் ஒப்பாகச் செய்தித்துறையும் எண்ணப்பட்டமை நோக்கற்பாலது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி மாலை புதிய பிரதமர் ஒருவர் பதவிப் பிரமாணஞ் செய்ய, அன்றிரவே அவருடைய ஆதரவாளர் அரச ஊடக நிறுவனங்களுட் புகுந்தனர். 2022ஆம் ஆண்டு ஜூலை 13ஆந் திகதி ஆர்ப்பாட்டக்காரர் ரூபவாஹினி நிலையத்துட் புகுந்தபோது ஒளிபரப்புச் சிறிது நேரம் தடைப்பட்டது. இம்மூன்று நிகழ்ச்சிகளும் மூன்று வெவ்வேறு தரப்பினரால் விளைந்தவை. ஆயினும் மூவரின் எண்ணமும் ஒன்றே: தொலைக்காட்சி நிலையம் மக்களின் பொதுச் சொத்தன்று, வென்றவனின் கோட்டை. இவ்வெண்ணம் உள்ளவரை, ஆட்சி மாறலாம். செய்தியின் இயல்பு மாறாது.

தனியார் நிலையங்கள் வந்த பின்னர் இந்நோய் தீர்ந்துவிட்டது என்பாருமுளர். 1990களிலிருந்து தனியார் அலைவரிசைகள் பெருகின. 1998இல் சக்தி தொலைக்காட்சி தோன்றியதும் தமிழ் பேசுவோர் தமக்கென ஓர் அலைவரிசை கிடைத்ததென மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. எனினும் தனியார் நிலையத்துக்கும் ஓர் உரிமையாளர் உளர். அவருக்கு வேறு வணிகங்கள் உள. அவற்றுக்கு அரசாங்கத்தின் தயவு தேவை. அலைவரிசைக்கோ அனுமதிப் பத்திரம் தேவை. எந்தக் கட்சி வரின் தமக்கு நன்மை என்ற கணக்கு அவரிடம் இல்லாதிருத்தல் அரிது. அச்சமும் இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி அதிகாலை, பன்னிப்பிட்டியில் இருந்த சிரச, சக்தி அலைவரிசைகளின் கலையகத்தினுள் ஆயுதந் தாங்கியோர் புகுந்து கருவிகளை நொறுக்கினர். கிளிநொச்சி வீழ்ந்த செய்தியைப் போதிய பூரிப்போடு கூறவில்லை என்ற கண்டனம் அதற்குச் சில நாள்களின் முன்னர் எழுந்திருந்தது. செய்தியை எந்த முகபாவத்தோடு கூறுவதென்பதும் உயிராபத்தான விடயமாகிவிட்ட காலம் அது.

இனி, பக்கச்சார்பு எவ்வடிவங்களில் வருகின்றது எனப் பார்ப்போம். பக்கச்சார்பெனின் பொய் கூறுதல் என்றே பலர் கருதுவர். பொய் எளிதில் அகப்படும். ஆதலின் தேர்ந்த செய்தியறை அதனை அதிகம் நாடுவதில்லை. மெய்யைக் கொண்டே வளைக்கும் வழிகள் பல உள.

முதலாவது, மௌனம். 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி இரவு கொழும்பிலே வன்முறை தொடங்கிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதன் வடு இல்லாத தமிழ்க் குடும்பங்கள் சிலவே. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன 28ஆந் திகதியே தொலைக்காட்சியிற் தோன்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அவ்வுரையில் வீடிழந்தோருக்கும் உயிரிழந்தோரின் உறவினருக்கும் ஓர் அனுதாபச் சொல்லேனும் இருக்கவில்லை. பெரும்பான்மையோரின் கொதிப்பு விளக்கப்பட்டது. அடிபட்டோரின் துயர் விளக்கப்படவில்லை. அகதி முகாமிலிருந்தோர் அத்திரையிலே தம்மைக் காணவில்லை. ஒரு நாட்டின் தொலைக்காட்சி ஒரு பகுதி மக்களைக் காணாதிருத்தலினும் பெரிய பக்கச்சார்பு வேறு யாது?

இரண்டாவது, மெய்யான தகவலிலிருந்து பொய்யான பொருளைப் பிறப்பித்தல். 2010ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றுக்கொண்டிருந்தது. எதிரணி வேட்பாளர் சரத் பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்பது அன்று வெளியாயிற்று. தகவல் மெய். ஆனால் அதனால் அவர் வேட்பாளராக இருக்கவே தகுதியற்றவர் என்ற கருத்தும் வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே அரச ஊடகங்கள் வழியே பரவிற்று. அது தகுதியீனமாகாதெனத் தேர்தல் ஆணையாளர் விளக்க வேண்டியதாயிற்று. மாலை நான்கு மணிக்குள் முடியும் வாக்களிப்பில், நண்பகலிற் பிறந்த ஐயத்தை விளக்கம் எவ்வளவு தூரம் துரத்திப் பிடிக்கும்?

மூன்றாவது, எண். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியிற் போர்க்களத்துள் அகப்பட்டிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என அரசாங்கம் கூறிற்று. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் 2,50,000இற்கும் மேற்பட்டோர். எண்ணைச் சுருக்கினால் உணவும் மருந்தும் சுருங்கும். ஆகவே அரசாங்கத்தின் கணக்கை ஆராயாது தன் கணக்காக வாசிக்கும் செய்தி, வெறும் அபிப்பிராயத்தில் அன்று, உயிர்களிற் பிழை செய்கின்றது.

நான்காவது, சொல். தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இதுவே. நமது செய்திகளில் வரும் வினைச்சொற்களை நோக்குக. அமைச்சர் ஒன்றைச் ‘சுட்டிக்காட்டினார்’ என்றால், சுட்டப்பட்டது அங்கே உண்மையாகவே உள்ளது என்பது பொருள். எதிர்க்கட்சி உறுப்பினர் அதனையே ‘குற்றஞ்சாட்டினார்’ என்றால், அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது பொருள். ஒருவர் ‘தெளிவுபடுத்தினார்’, மற்றவர் ‘மழுப்பினார்’. இருவரும் ‘கூறினார்’ என்று எழுதினால் வழக்கு நேயரின் தீர்ப்புக்கு விடப்படும். அவ்வாறு விடச் செய்தியறைக்கு மனமில்லை. ஓர் ஊர் ‘விடுவிக்கப்பட்டது’ என்பதும் ‘கைப்பற்றப்பட்டது’ என்பதும் ஒரே நிகழ்ச்சி; நோக்கு வேறு. முட்கம்பிக்குள் இருந்தோர் ‘மீட்கப்பட்டோர்’ எனப்பட்டனர். வெளியேற அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை என்பதை அச்சொல் மறைத்தது. போருக்கே ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயர் சூட்டப்பட்டது. இத்தகைய தொடர்கள் வேற்று மொழியிலே உருவாகித் தமிழுக்குள் அப்படியே இறக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் பெயர்க்கவில்லை. அச்சொல்லினுள் ஒளிந்திருக்கும் தீர்ப்பையும் பெயர்க்கின்றார். பிறரது தீர்ப்பை நம் தாய்மொழியிலே கேட்கும்போது, அது நமது எண்ணமே போலத் தோன்றிவிடுகின்றது.

இவ்வளவும் பிறரைக் குறைகூறுதலாகவே முடியின், இக்கட்டுரையும் பக்கஞ் சார்ந்ததாகிவிடும். கொழும்புத் தமிழர் வீடுகளில் உள்நாட்டு அலைவரிசைகளோடு தமிழ்நாட்டு அலைவரிசைகளும் நெடுங்காலமாகப் பார்க்கப்படுகின்றன. அங்கே நிலைமை யாது? 2001ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி பின்னிரவில் கலைஞர் கருணாநிதி கைதுசெய்யப்பட்டபோது, அவர் இழுத்துச் செல்லப்படும் காட்சியைச் சன் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டிற்று. ஆளுங்கட்சியைச் சார்ந்த ஜெயா தொலைக்காட்சியோ, குற்றம் மறுபக்கத்தது எனத் தோன்றும் வேறு காட்சிகளைக் காட்டிற்று. இரவு ஒன்று, படம் இரண்டு. கட்சிக்கொரு தொலைக்காட்சி என்ற வழக்கம் அங்கே வேரூன்றியுள்ளது. ஈழத்திலும், போர்க்காலத்தில் வன்னியிலிருந்து ஒளிபரப்பான தொலைக்காட்சி மாற்றுக் கருத்துக்கு இடமளித்ததில்லை. தமிழில் இருப்பதனால் மட்டும் ஒரு செய்தி நடுவுநிலை பெற்றுவிடாது. நமக்கு இனிப்பதைக் கூறும் நிலையத்தை நேர்மையானது என்றும், கசப்பதைக் கூறுவதைப் பக்கச்சார்பானது என்றும் நாம் கொள்வோமாயின், கோணல் திரையில் மட்டும் அன்று, கண்ணிலும் உண்டு.

முற்றிலும் நடுநிலையான செய்தி எவராலும் தரவியலாது; ஆகவே அதனை எதிர்பார்த்தலே வீண் என்பது ஓர் எதிர்வாதம். முழுச் செம்மையான துலாக்கோலும் உலகில் இல்லைத்தான். அதற்காக எந்த வணிகனையும் நாம் கள்ளத் தராசு வைத்திருக்க அனுமதிப்பதில்லை. அளவைத் திணைக்களத்தார் வந்து சோதித்து முத்திரை இடுகின்றனர். பத்திரிகைகள் கட்சி சாரலாமெனின் தொலைக்காட்சி ஏன் சாரலாகாது என்பது வேறொரு வாதம். பத்திரிகைக்குரிய தாளை எவரும் வாங்கலாம். வானலைகளோ அளவுக்குட்பட்டவை, அனைவர்க்கும் பொதுவானவை. பிரித்தானியாவிலே பத்திரிகைகள் வெளிப்படையாகக் கட்சி சார்ந்திருக்க, ஒளிபரப்புச் செய்திக்கு மட்டும் நடுவுநிலை சட்டத்தால் விதிக்கப்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே. நடுவுநிலை என்பது இரு தரப்புக்கும் சமமான நிமிடங்களை அளந்து கொடுத்தலுமன்று. மெய்க்கும் பொய்க்கும் சம நேரம் கொடுத்தல் பொய்க்குச் சலுகையாகும்.

நமது உயர் நீதிமன்றம் இவ்விடயத்தில் இரு முறை நல்வழி காட்டியுள்ளது. 1996இல், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியதை எதிர்த்து, அதிற் பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில், ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்து, வானலைகள் பொதுச் சொத்து, அரசாங்கம் அதற்கு அறங்காவலனே என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் கைக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும் தெளிவாக்கிற்று. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம், தேர்தற் காலத்திலே நெறிமுறைகளை மீறும் அரச ஒலிபரப்பு, ஒளிபரப்புக் கூட்டுத்தாபனங்களின் அரசியல் நிகழ்ச்சிகளைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்க வழிசெய்தது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வாறு ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் பணிப்புரை பொருட்படுத்தப்படவில்லை. ஆணையாளர் அந்நியமனத்தை மீளப்பெற நேர்ந்தது. சட்டம் கூறும், நீதிமன்று கூறும். கேட்பதற்குச் செய்தியறையில் ஆளில்லையெனின் என் செய்வது?

எனவே எஞ்சியிருப்பது நேயரே. நேயரைப் பயிற்றும் இடம் பாடசாலையே. இலக்கியத்திலே ஒரு செய்யுளை எடுத்துச் சொல்லுக்குச் சொல் ஆராயப் பழக்குகின்றோம். மாணவர் தம் வாழ்நாளில் ஒவ்வோர் இரவும் கேட்கும் உரைநடையை ஆராயப் பழக்குவதில்லை. உயர்தர வகுப்பில் வாரத்துக்கு ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கினாற் போதும். ஒரே நாளின் செய்தியை அரச அலைவரிசை ஒன்றிலும் தனியார் அலைவரிசைகள் இரண்டிலும் மாணவர் கேட்டு வரட்டும்; சிங்களம் அறிந்தவர் அம்மொழிச் செய்தியையும் கேட்டு வரட்டும். பின்னர் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதட்டும். எச்செய்தி முதலில் வந்தது? யாருடைய குரல் நேரே கேட்டது, யாருடைய கருத்தைப் பிறர் கூறினர்? எவருக்கு எந்த வினைச்சொல் கொடுக்கப்பட்டது? எண்ணைக் கூறியவர் யார்? ஒன்றில் வந்து மற்றொன்றில் வராதது எது? இவற்றுள் இறுதிக் கேள்வியே கடினமானதும் பயன்மிக்கதுமாகும். கேளாததை அறியப் பிறிதொன்றையும் கேட்டிருத்தல் வேண்டும்.

இப்பயிற்சி பெற்ற மாணவன் எந்தக் கட்சியைச் சார வேண்டும் என்பது ஆசிரியர் கவலையன்று. அவன் விரும்பியதைச் சாரட்டும். ஆனால் தான் சார்வதற்குரிய காரணத்தைத் தானே ஆராய்ந்து கண்டிருத்தல் வேண்டும். மாலைச் செய்தி அதனை அவனுக்கு ஊட்டியதாக இருத்தலாகாது. நல்ல நேயர் பெருகுமிடத்தே கள்ளத் தராசு வைத்திருப்பவனும் சற்றுக் கூசுவான்.