லொஜ்பான் மொழியில் அளவும் சுட்டும்

'ஒவ்வொருவரும் ஒருவரை நேசிக்கின்றனர்' என்னுமிடத்து நேசிக்கப்படுவார் அனைவர்க்கும் ஒருவரோ, அவரவர்க்கு வெவ்வேறானவரோ? இத்தகைய ஐயத்தை நீக்குவான் கருதி 1987இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற செயற்கைமொழி லொஜ்பான். அதன்கண் சொன்முறையே பொருளை வரையறுக்கும். 'அனைவரும்' எனப் பொருள்தரும் 'ரொ' முன்வரின் நேசிக்கப்படுவார் வேறுபடலாம்; 'ஒருவரேனும்' எனப் பொருள்தரும் 'சுஹொ' முன்வரின் அனைவர்க்கும் அவ்வொருவரே. இஃது ஐயமற்ற விதி.

சுட்டுப்பெயரிலோ நிலை வேறு. 'ரி' தனக்கு முன் இறுதியாக முற்றுப்பெற்ற பெயர்த்தொடரையே சுட்டும். எனினும், அத்தொடர் யாதெனக் கேட்போன் கணக்கிட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். 'ரா' அதற்கும் முற்பட்டதொன்றைச் சுட்டும். எதனை என்பது இடநோக்கி உய்த்துணரற்பாலது.

எனவே, தொடரமைப்பின் தெளிவு வேறு. சுட்டுப்பொருளின் தெளிவு வேறு. இம்மொழி ஐயமே அற்றதென்பார் கூற்று மிகை. ஐயம் உறையும் இடத்தை வரையறுத்துக் காட்டியமையே அதன் சிறப்பெனலாம்.