நீங்கள் சேமித்த தொகை

எங்கள் தெரு மதினி ஒருநாள் மளிகைப் பில் ஒன்றைக் கொண்டுவந்து, கடைசி வரியைப் படித்துச் சொல்லச் சொன்னார். மதினி என்பது உறவுமுறை இல்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் மதினிதான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறிக் கேரளப் பக்கம் போய்விட்டுப் பொழுது சாயத்தான் இறங்குவார். அந்த வாரம் மகளோடு தேனிக்குப் போய், ஒரு தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் முதல்முறையாகச் சாமான் வாங்கியிருந்தார். பில் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தத் தொகைக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், இன்னொரு தொகை.

"இதையும் நாம குடுக்கணுமா டீச்சர்? குடுக்காம வந்துட்டமே."

"இல்ல மதினி. இம்புட்டு ரூபா நீங்க மிச்சம் பிடிச்சிருக்கீங்கன்னு போட்டிருக்கு."

பில்லைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "மிச்சமா? அது எங்க இருக்கு?"

நான் இலக்கணம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள். 'யூ சேவ்டு' என்ற அந்த வரியை அதற்குப் பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை. எழுவாய் 'நீங்கள்', பயனிலை 'சேமித்தீர்கள்', எவ்வளவு என்பதும் இருக்கிறது. எதிலிருந்து என்பது மட்டும் இல்லை. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார். அதை நிரப்பிப் படித்தால் 'எம்.ஆர்.பி.யிலிருந்து' என்று வரும். அதிகபட்சச் சில்லறை விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற சட்ட வரம்பு. அந்த எண்ணை அச்சிடுபவர் பொருளைத் தயாரிப்பவர். அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் தெருமுனை அண்ணாச்சியும் சில பொருள்களை அதற்கு இரண்டு மூன்று ரூபாய் கீழேதான் கொடுக்கிறார், பில் போடுவதில்லை, அதனால் சேமித்ததாக யாரும் மகிழ்வதுமில்லை. நாம் கொடுத்திருக்கவே மாட்டாத ஒரு விலையிலிருந்து நம்மைக் காப்பாற்றியதாக அந்த வரி சொல்கிறது. நம்மையே எழுவாயாக்கி, நம் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டியும் விடுகிறது. குடும்பத்துக்குச் செலவு செய்துகொண்டே இருக்கும் பெண்ணிடம் 'நீ சேமித்தாய்' என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? அந்த வரியின் கவர்ச்சி எனக்கும் தெரியும். பில்லைப் பத்திரப்படுத்தி வீட்டில் காட்டியிருக்கிறேன்.

தமிழ்நாட்டுக்குத் தள்ளுபடிக் கடை புதிதல்ல. ஆய்வுக்காகச் சென்னையில் இருந்த ஆண்டுகளில் எங்கள் விடுதிப் பெண்கள் எல்லாம் சுபிக்ஷாவுக்குத்தான் போவோம். 1997இல் சென்னையில் தொடங்கிய கடை அது. குளிர்சாதனம் கிடையாது, அலங்காரம் கிடையாது, குடியிருப்புத் தெருவுக்குள் சின்ன இடம், எம்.ஆர்.பி.யில் கழிவு. பத்தே ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகளாகப் பெருகி, 2009 தொடக்கத்தில் கடன் சுமையில் ஷட்டர்கள் மொத்தமாக இறங்கின. சம்பளப் பாக்கியோடு வெளியேறிய ஊழியர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. 'சேமித்த' நாங்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டோம். 2002இல் மும்பையின் பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட் வேறு வழியில் நிலைத்தது. கட்டடங்களை முடிந்தவரை சொந்தமாக வாங்குவது, சரக்குக் கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து அதற்காகவே விலையைக் குறைத்துக் கேட்பது, வேகமாக விற்பதை மட்டும் அடுக்குவது. ஆகவே தள்ளுபடி என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அது எதிலிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மாதம் என் வீட்டுச் சாமானை இரண்டு கடையிலும் பிரித்து வாங்கிப் பார்த்தேன். சோப்பு, சோப்புத்தூள், பற்பசை, பாக்கெட் எண்ணெய், தேயிலை, என் தங்கை குழந்தைக்கு நாப்கின், இவையெல்லாம் பெரிய கடையில் நிச்சயமாகக் குறைவு. துவரம்பருப்பு, வத்தல், மல்லி, புளி ஆகியவற்றில் அண்ணாச்சி சளைக்கவில்லை, சில வாரம் அவர்தான் மலிவு. இதற்கு ஒரு காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் இல்லை. காய்கறிக்குப் பேச்சே வேண்டாம். தேனியிலும் கம்பத்திலும் உழவர் சந்தை இருக்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த கத்தரிக்காயைப் பாலித்தீன் சுற்றி வாங்குவது வெட்கக்கேடு. இன்னொன்றையும் கவனித்தேன். பொட்டலத்தின் மேல் கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என இப்போது விதி இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படித்தால், 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற மஞ்சள் அட்டை சில இடங்களில் நிறம் வெளுத்துவிடும். மாணவிகளுக்கு இதைச் சொல்வேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய பனுவல் அது.

ஆக எனக்கு லாபம்தான். ஆனால் அந்த லாபத்தைப் பெற நான் என்னவாக இருக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரியாக, ஒரு மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கும் பணம் உள்ளவளாக, ஐந்து லிட்டர் எண்ணெயை வைக்க அலமாரி உள்ளவளாக. மதினிக்கு வாரக்கூலி. மலையில் மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும், காய் எடுப்பு ஓய்ந்த கோடையில் வேலை நாள் குறையும். அந்த நாள்களில் அவர் வீட்டு அடுப்பை எரியவைப்பது அண்ணாச்சியின் பற்று நோட்டு. ஐம்பது கிராம் பருப்பும் பத்து ரூபாய்க்கு எண்ணெயும் அங்கே கிடைக்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினால் சர்க்கரை சும்மா என்று அறிவிக்கும் கடை, ஆயிரத்து ஐந்நூறு இல்லாதவளிடம் சர்க்கரைக்கு முழு விலை வாங்குகிறது. தள்ளுபடி மேலே இருப்பவர்களை நோக்கித்தான் பாய்கிறது. மதினியைப் போன்றவர்களுக்கென்று உள்ள தள்ளுபடிக் கடை ரேஷன் கடைதான்: அரிசிக்கு 2011 முதல் விலையில்லை, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் கிட்டே வர முடியாது. அங்கே விலையைப் பெண்கள் நேரமாகக் கொடுக்கிறார்கள், வரிசையில் நின்று. மதினி ஜீப்பிலிருந்து இறங்கும்போது அது பூட்டியிருக்கும். பெரிய கடை இரவு ஒன்பது மணிக்கும் விளக்கெரிய நிற்கிறது.

பிறகு ஏன் அவர் மறுபடியும் போகிறார்? கேட்டேன். அவர் சொன்னதில் விலை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வந்தது. "அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்பதுதான் முதல் பதில்.

இந்தப் பதிலோடு கொஞ்சம் தங்க வேண்டும். அண்ணாச்சி கடையைப் பற்றி இப்போது எல்லோரும் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். பெரும்பாலும் ஆண்கள். பற்று நோட்டு என்பது கடன் மட்டும் இல்லை, அது ஒரு வேவு நோட்டும்கூட. இந்த வாரம் என்ன வாங்கினாய், போன வாரப் பாக்கி என்ன, உன் வீட்டுக்காரன் எங்கே, விருந்தாள் வந்திருக்கிறதா, எல்லாம் நாலு பேர் நிற்கும் பலகைக்கு முன்னால் கேட்கப்படும். நாப்கின் கேட்க, கடையில் ஆண்கள் ஒழியும்வரை அரிசியை அளைந்துகொண்டு நின்ற தலைமுறை என்னுடையது. அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, என்னவோ கள்ளச் சரக்குபோல நீட்டுவார்கள். அதைவிட மோசமானதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சில தெருக்களிலிருந்து வரும் பெண்களுக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்க மாட்டார்கள், பலகை மேல் வைப்பார்கள். அதை அவர்கள் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கடையின் 'மனித உறவை' இழந்துவிட்டோமே என்று அந்தப் பெண்களிடம் போய் யார் அழுவது?

பெரிய கடையில் பொருளைத் தானே எடுக்கலாம். முகர்ந்து பார்த்துத் திரும்ப வைக்கலாம். வாங்காமலும் வரலாம். மதினியின் மகள் நாப்கின் அலமாரி முன் நின்று, எது எத்தனை என்று பத்து நிமிடம் ஒப்பிட்டுப் பார்த்தாளாம். "என் வயசுக்கு அதை வெளிச்சத்துல வச்சு இப்பத்தான் பாத்தேன்" என்று மதினி சிரித்தார். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2023 செப்டம்பர் முதல் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவரவர் கணக்கில் வருகிறது. காசு கேட்காமல் பேருந்தேறி, கணக்குச் சொல்லாமல் செலவழித்து, குளிர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் யாருடைய ஏவலும் இல்லாமல் நடப்பது இந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் பலருக்குப் புது அனுபவம். கடைக்காரர்கள் இதைத் தங்கள் தள்ளுபடிக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதி, அந்த ஒரு மணி நேரத்துக்கானது.

அந்த ஒரு மணி நேரமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்பது மதினியோடு நானும் ஒருமுறை போனபோது தெரிந்தது. என் தோள்பையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மஞ்சள் பையை வாசலில் வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே, சீருடை போட்ட பெண் ஒருத்தி அவருக்கு இரண்டடி பின்னாலேயே வந்தாள். மதினி திரும்பி, "ஏத்தா, நீ இன்னாரு மக தானே?" என்று கேட்டதும் அந்தப் பெண் கூசிப்போனாள். பக்கத்துத் தெருக்காரி. அவளைப் பின்னால் நடக்கச் சொன்னது மேலே இருக்கும் கேமரா.

பில் போடும் இடத்தில் இருந்தவள் என் பழைய மாணவி. பெரும்பாணாற்றுப்படை நடத்திய ஆண்டில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். மோர் விற்கும் ஆய்மகள், நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து எருமையும் பசுவும் கேட்டுப் பெறும் இடத்தை அப்போது அந்த வகுப்பில் வெகுநேரம் பேசினோம். என்ன விலைக்கு எதை வாங்குவது என்று தானே தீர்மானிக்கிற பெண் அவள். இங்கே இவள் விலையைத் தீர்மானிப்பதில்லை, கோட்டுக் குறியீட்டைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டுகிறாள். "எப்படிம்மா இருக்க?" என்றேன். "நல்லாருக்கேன் மேடம்" என்றவள் ஒரு காலை மாற்றி நின்றாள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறதாம், இருபத்தாறு வயதில். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிஸ்கட் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "உக்கார ஸ்டூல் போட்டுட்டாங்க மேடம். பெட்டி வைக்கத்தான் வேற எடமில்ல."

அந்த ஸ்டூல் எப்படி வந்தது என்பதற்கு வரலாறு உண்டு, அதில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்களுக்குப் பெரிய பங்கு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளியான பி.விஜியோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்று அமைப்பாகி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து அழுதுவிட்டு, அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்த நமக்கு, சட்டம் வரப் பதினோரு ஆண்டு ஆயிற்று. அந்தப் பிரிவு சொல்வது, வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்பது. வாய்ப்பை யார் கொடுப்பது என்று அது சொல்லவில்லை. வாடிக்கையாளர் முன் ஊழியர் உட்கார்ந்தால் மரியாதையில்லை என்று நினைக்கும் முதலாளி இருக்கும்வரை, ஸ்டூல் பிஸ்கட் பெட்டிக்குத்தான்.

நிற்க வைத்தால்தான் விலை குறையும் என்று எவராவது சொன்னால் அவர்களுக்கு ஆல்டியைக் காட்டலாம். தள்ளுபடிக் கடை என்ற வடிவத்தையே உலகத்துக்குக் கொடுத்த ஜெர்மன் நிறுவனம் அது. 1913இல் எஸ்ஸன் நகரத்துப் புறப்பகுதியில் அன்னா ஆல்பிரெக்ட் என்ற பெண் திறந்த சின்ன மளிகைக் கடை, போருக்குப் பின் அவருடைய இரண்டு மகன்கள் கைக்கு வந்து, ஆல்பிரெக்ட் டிஸ்கவுன்ட் என்பதன் சுருக்கமாக ஆல்டி ஆயிற்று. அம்மா பெயர் வழக்கம்போல ஓர் அடிக்குறிப்பு. அங்கே பில் போடுகிறவர்கள் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வேகத்தைப் பற்றிக் கேலிக் கதைகள்கூட உண்டு, அவ்வளவு வேகம். உட்கார்ந்த பெண்ணால் கடை நஷ்டப்படவில்லை. நம் ஊர்க் கடைகள் ஆல்டியிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு நாற்காலியை மட்டும் விட்டுவிட்டன.

அன்று மேலாளரைப் பார்த்து, பெட்டிகளை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டேன். கல்லூரி ஆசிரியை என்பதால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மதினி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரும் வழியில் இருவரும் பேசிக்கொண்டோம்.

அடுத்த மாதம் போனபோது ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். மாத முதல் ஞாயிறு, வரிசையில் எட்டு டிராலி. ஐந்தாவது என்னுடையது. எனக்குப் பின்னால் இருந்தவர் இன்னொரு பில் கவுன்டரைத் திறக்கக் கூடாதா என்று சத்தம் போட்டார். நானும் அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.