இரவல் மெட்டு

மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஏதாவது ஒரு கலைக் கல்லூரியின் 'கல்ச்சுரல்ஸ்' நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு. அப்புறம் மைம், ஆட்-ஜாப், டம்ப் ஷெராட்ஸ், லைட் மியூசிக். வராந்தாவில் மெஹந்தி, ரங்கோலி. சாயங்காலம் குரூப் டான்ஸ். ராத்திரி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட சினிமாப் பாடகர் ஒருவர்.

நடுவில் எங்கேயோ, ஃபேன் சுற்றாத ஒரு சின்ன ஹாலில், 'அடாப்ட்யூன்' என்று ஒரு ஐட்டம் இருக்கும். இந்த வாரம் அதைப் பற்றி. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தால், கலை என்று சொல்லத்தக்கது அங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

மைம். கறுப்பு உடை, முகத்தில் வெள்ளை பெயின்ட், கையில் வெள்ளை கிளவுஸ். வரதட்சணை, குடி, மரம் வெட்டுவது, இதில் ஏதாவது ஒன்று. ஏழாவது நிமிடத்தில் யாராவது செத்துப்போவார்கள். எட்டாவது நிமிடத்தில் மூவர்ணக் கொடி விரியும். 1997-ல் ரஹ்மான் போட்ட 'வந்தே மாதரம்' ஆல்பம் முழங்கும். ஹாலே எழுந்து நின்று கைதட்டும். கொடிக்குக் கைதட்டாமல் உட்கார்ந்திருக்க யாருக்குத் துணிச்சல்? நடித்தது நன்றாக இருந்ததா என்கிற கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இது. மைம் என்றால் உடம்பு பேச வேண்டும். இங்கே ஸ்பீக்கர்தான் பேசுகிறது. பாட்டை நிறுத்திவிட்டால் மேடையில் இருப்பது எட்டுப் பேரும் பதினாறு கிளவுஸும்தான்.

குரூப் டான்ஸைக் குறை சொல்ல மனசு வராது. அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் மொட்டை மாடியில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டெப், கண்ணாடி, சட்டையைக் கழற்றி வீசுவது எல்லாமே திரையில் பார்த்தவை. நகல் அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்பதற்குத்தான் மார்க்.

அடாப்ட்யூன் இதற்கு நேர் எதிர். தெரியாதவர்களுக்காக விதிமுறை: நடுவர் ஒரு சந்தர்ப்பம் சொல்வார். தெரிந்த சினிமாப் பாட்டு மெட்டுகளில் அதற்குப் புது வார்த்தை எழுதிப் பாட வேண்டும். அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஒரு கீபோர்டு, மேஜையில் தாளம் போட ஒரு பையன், போதும்.

சுமாரான டீம் என்ன செய்யும் என்றால், காதல் பாட்டு மெட்டில் கொசுத்தொல்லையை நிரப்பும். 'மானே' இருந்த இடத்தில் 'கொசுவே.' சிரிப்பு வரும், உடனே மறந்தும் போகும். ஏனென்றால் அந்த மெட்டுதான் வேண்டும் என்பதில்லை, எந்த மெட்டிலும் அந்த வார்த்தை உட்காரும்.

நல்ல டீம் வேறு மாதிரி. நான் கேட்டதிலேயே பிடித்தது இது: அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லை, துறைத் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. எடுத்துக்கொண்ட மெட்டு, 'மன்னன்' (1992) படத்தில் இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய அம்மா பாட்டு. ரஜினி அம்மாவைத் தூக்கிக்கொண்டு கோயில் சுற்றுவாரே, அதுவேதான். அம்மா இருந்த இடத்தில் ஹெச்.ஓ.டி. மேடத்தை உட்கார வைத்துவிட்டார்கள். பையன் கண்டோனேஷன் ஃபாரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உருகுகிறான். கேட்கிறவர்கள் காதில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு ஓடுகிறது. பழைய பாட்டின் பக்தி, புதுப் பாட்டின் பயத்தோடு உரசுகிறது. அந்த உரசலில்தான் சிரிப்பு. ஒரு கையெழுத்துக்காக ஒரு மனிதரைத் தெய்வமாக்க வேண்டியிருக்கிறதே என்கிற வருத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெறும் கிண்டல் இல்லை அது, ஒரு விமரிசனம்.

"இதெல்லாம் ஒரு இலக்கியமா சார்?" என்று கேட்பீர்கள். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன மெட்டு' என்று அச்சடித்திருப்பார்கள். இரவல் மெட்டு நமக்கு வெட்கப்படுகிற விஷயமாக இருந்ததே இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில், சிதம்பரம் போகத் துடிக்கும் நந்தனைத் தடுத்து, இது நமக்குத் தகுமா என்று கேட்கிற கீர்த்தனை ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதி அதே மெட்டை எடுத்து, மிதவாதிகள் திலகரைப் பார்த்துக் கேட்பதாக மாற்றி எழுதினார். மெட்டைக் கேட்டதுமே திலகர் நந்தனாகிவிடுகிறார், சுயராஜ்யம் சிதம்பரமாகிவிடுகிறது. மிதவாதிகள் என்ன ஆனார்கள் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். இன்றைக்கு எந்தக் கல்ச்சுரல்ஸில் கொடுத்தாலும் முதல் பரிசு.

கல்லூரி மேடையையும் லேசாக எண்ணக் கூடாது. 1972-ல் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு குட்டி நாடகம் எழுதினார். நாலு வருஷம் கழித்து எஸ்.வி.சேகருக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதி, அந்தத் தலைப்பின் முதல் வார்த்தையையே தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டார். 2019-ல் அவர் இறந்தபோது மயிலாப்பூர் சபாக்காரர்கள் சொந்த வீட்டுச் சாவு போல் அழுதார்கள். கிரேஸி மோகனை யாரும் வாடகைக்குக் கூட்டி வரவில்லை. சொந்தமாக எழுத ஒரு மேடை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த இடம்தான் இப்போது சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம், ராத்திரிப் பாடகருக்காக ஸ்பான்சர் தேடி அலைவதிலேயே மாணவர்களின் பாதி நேரம் போய்விடுகிறது. இன்னொரு பக்கம் 'ஸ்க்ரூட்டினி.' எழுதியதை முன்கூட்டியே காட்ட வேண்டும். அரசியல் கூடாது, மதம் கூடாது, கல்லூரியைப் பற்றிக் கூடவே கூடாது. மிச்சம் இருப்பது கொசுவும் டிராஃபிக்கும் மாமியாரும். மாமியாரைப் பற்றிப் பதினெட்டு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்?

அவர்களுக்குத் தெரிந்தது வேறு. ஒரே கட்டடம், ஒரே பாடம். காலை ஷிப்டுக்கு ஒரு ஃபீஸ், மதிய சுயநிதி ஷிப்டுக்கு அதைவிடப் பெரிய ஃபீஸ். நிரந்தர வேலை வரும் வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்து பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். இதையெல்லாம் தினமும் பார்க்கிறார்கள். சொல்லத் துணிவில்லாதவர்களும் இல்லை. 2003-ல் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 1914-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி கடற்கரைக்கு எதிரே இன்னும் நிற்கிறது.

பேராசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மைக்கைக் கொடுத்தால் ஜாதியை இழுப்பவன் உண்டு, முன் வரிசைப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பாடுபவன் உண்டு. அவனை மேடையிலிருந்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மேலே இருப்பவரைப் பாடினால் பகடி, பக்கத்தில் இருப்பவளைப் பாடினால் ராகிங். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் போட வேண்டியிருந்தது. பகடியைத் தடுக்கச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை, ஒரு சிவப்பு மை பேனா போதுமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் ஏதாவது ஒரு கல்லூரி இப்படிச் செய்து பார்க்கட்டும். அடாப்ட்யூனைச் சின்ன ஹாலிலிருந்து மெயின் ஸ்டேஜுக்குக் கொண்டு வாருங்கள். தலைப்பு: 'எங்கள் கல்லூரி.' முதல் வரிசையில் பிரின்சிபாலும் ஹெச்.ஓ.டி.க்களும். ஸ்க்ரூட்டினி கிடையாது. ராத்திரிப் பாடகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பைசா இதற்கு ஆகாது. மைக் டெஸ்டிங் முடிந்ததும் பிரின்சிபால் முகத்தைப் பாருங்கள். அவர் சிரித்தால், அது நல்ல கல்லூரி.