உள்ளே அவள், அட்டையில் ஜார்ஜ்

அலெக்ஸ் ஜீனோவின் சிறார் நாவல் அமெரிக்காவில் 2015இல் வந்தபோது அதன் பெயர் 'ஜார்ஜ்'. 2022இல் அது 'மெலிசா' என்ற பெயரில் மறுபடி வந்தது. நான்காம் வகுப்புப் படிக்கிற பத்து வயதுக் குழந்தை. எல்லோரும் பையன் என்கிறார்கள். அவளுக்குத் தான் பெண் என்று தெரியும். பள்ளி நாடகத்தில் சார்லட் என்கிற சிலந்தியாக நடிக்க ஆசைப்படுகிறாள். ஆசிரியை மறுக்கிறார். தோழி கெல்லி ஒரு காட்சிக்குத் தன் வேடத்தை விட்டுக்கொடுக்கிறாள். கதை இவ்வளவுதான்.

ஒரு சிலந்தி வேடத்துக்கா இத்தனை ரகளை? அமெரிக்க நூலகச் சங்கத்தின், அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் 2018, 2019, 2020 மூன்று ஆண்டும் இதற்குத்தான் முதலிடம். 'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்கிறார்கள். உறுத்துவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கதைசொல்லி தொடக்கத்திலிருந்தே 'அவள்' என்கிறார். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பெரியவர்களின் சொல்லுக்கு மேலே குழந்தையின் சொல்லை வைக்கிற இந்தக் கதையாடல்தான் அதிகாரத்தைச் சீண்டுகிறது.

ஆனால் உள்ளே 'அவள்', அட்டையில் 'ஜார்ஜ்'. பிரதி தன்னையே மறுத்துக்கொண்டிருந்தது. ஜீனோ அதைத் தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். பழைய அட்டைகளில் வாசகர்கள் பேனாவால் பெயரைத் திருத்தினார்கள். ஆசிரியனின் மரணம் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆசிரியர் உயிரோடிருந்து, தன் பாத்திரத்துக்குத் தானே இழைத்த பிழையைத் திருத்துவதை எந்தக் கோட்பாட்டில் வைப்பது?

குறையும் உண்டு. ஒரு மேடையேற்றத்தில் அம்மாவின் மனம் இளகத் தொடங்குவது கொஞ்சம் சுலபமான வழி.

இதைத் தமிழில் பெயர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பிரதிப்பெயரோடு போய்விடுகிற சங்கதி நமக்கு வினைமுற்று வரைக்கும் வரும்: வந்தான், வந்தாள். ஜீனோ தன்னை ஆண், பெண் இரண்டிலும் அடக்காதவர். அவரை 'அவர்' என்று எழுதி நான் தப்பித்துவிட்டேன். மரியாதைப் பன்மையில் பால் மறைந்துவிடுகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த மரியாதையை யார் தருகிறோம்? பேடி என்ற சொல்லுக்குத் தனி ஈறு கிடையாது, இருக்கிற ஈறுகளையே கொள்ளும் என்று தொல்காப்பியம் விதித்ததும் இதே நெருக்கடியில்தான். மெலிசாவைத் தமிழாக்குபவர் முதல் வாக்கியம் முடிவதற்குள் யார் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். நடுநிலை என்பது நம் இலக்கணம் வயசானவர்களுக்கு மட்டும் வழங்கியிருக்கிற சலுகை.